ஊருக்குப் போகும்போது ஈரலையும் பார்த்துவிட்டு வாருங்கள்: ஸ்கேன் சென்டர் முதல் அளவு சாப்பாடு வரை

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கோயில், கல்யாணம், பத்திர ஆபீஸ் வேலையோடு ஒரு மாஸ்டர் செக்கப்பையும் முடித்துவிட்டுப் போவது வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. காலையில் வெறும் வயிற்றோடு போனால் சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வயிற்று ஸ்கேன் பக்கத்தில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்றோ 'கிரேடு 2' என்றோ ஒரு வரி இருக்கும்; ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். ஊரில் கிடைக்கும் மருத்துவச் சேவை தடுமாறுவது அந்த வரிக்குப் பிறகுதான். சோதனை சட்டென்று நடக்கிறது. அதைப் படித்து விளக்க யாருக்கும் நேரம் இல்லை. கடைசியில் ஒரு டானிக், 'எண்ணெயைக் குறைங்க' என்ற ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஆனால் இந்த நோயைத் திருப்ப வேண்டிய சாப்பாடு தெருமுனை மெஸ்ஸிலேயே கிடைக்கிறது. எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

முதலில் சோதனை. விமானம் இறங்கிய மறுநாளும், கல்யாண விருந்துக்கு மறுநாளும் ரத்தம் கொடுக்க வேண்டாம். முந்தைய இரவு விருந்தும் மதுவும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஏற்றிக் காட்டும்; மலை ஏறி இறங்கிய களைப்பு, ஈரலிலும் தசையிலும் இருக்கும் எஸ்ஜிஓடி என்ற நொதியைக் கூட்டும். மூன்று நாள் வழக்கமான சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு கொடுப்பது நல்லது. தண்ணீர் குடிக்கலாம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவை இப்போது சின்ன ஊர்களிலும் இருக்கிறது. அதில் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டிய பட்டையை நெடுநேரம் அவிழ்க்காமல், சின்ன ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து எஸ்ஜிஓடி பொய்யாக உயரும். ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்டு' என்று குறிப்பு இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கிரேடு என்பது கொழுப்பு எவ்வளவு என்று ஸ்கேன் பார்ப்பவர் கண்ணால் போடும் மதிப்பெண். ஒரே ஈரலை ஒருவர் 1 என்பார், இன்னொருவர் 2 என்பார். ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஆபத்தை நிர்ணயிப்பது தழும்புதான். கிரேடு 3 இருந்தும் தழும்பே இல்லாதவர்கள் உண்டு. கிரேடு 1 இருந்து தழும்பு முற்றியவர்களும் உண்டு. எஸ்ஜிபிடி என்ற இன்னொரு ஈரல் நொதி நார்மல் என்பதும் உத்தரவாதம் இல்லை.

தழும்பைக் கணிக்கத் தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலிருந்தே ஃபிப்-4 என்ற எண்ணைப் போட்டுவிடலாம். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். இங்கேதான் எல்லாரும் இடறுகிறார்கள்: நம் லேப்கள் பிளேட்லெட்டை லட்சத்தில் எழுதும், கணக்குக்கு ஆயிரத்தில் வேண்டும். 2.1 லட்சம் என்றால் 210 என்று போட வேண்டும். 48 வயது, எஸ்ஜிஓடி 52, எஸ்ஜிபிடி 70, பிளேட்லெட் 2.1 லட்சம் என்று வையுங்கள். 48 × 52 = 2496. 70-இன் வர்க்கமூலம் 8.37, அதை 210-ஆல் பெருக்கினால் 1757 வரும். வகுத்தால் 1.42. 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. 65 வயது தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. 2.67-க்கு மேலே போனால் ஈரல் மருத்துவரைப் பார்க்காமல் விமானம் ஏறக் கூடாது. இடையில் நிற்பவர்களுக்கு, இந்த 1.42 போல, அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன், அதாவது தழும்பால் ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்.

ஃபைப்ரோஸ்கேன் பெரும்பாலும் செக்கப் பேக்கேஜில் சேராது, கேட்டு வாங்க வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தால் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி விறைப்பு அதிகமாகக் காட்டும். பருமனான உடம்புக்கு 'எக்ஸ்எல் புரோப்' என்று தனிக் கருவிமுனை உண்டு. அது இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பத்து அளவீடுகளாவது சரியாக விழுந்திருக்க வேண்டும், அளவுகளின் சிதறல் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் அச்சுத் தாளில் இருக்கும். விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் நிம்மதி. 8 முதல் 12 வரை மருத்துவர் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது. 12-க்கு மேல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். தனியாரில் முடியாதவர்களுக்குச் சென்னை ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஈரல் நோய்க்கென்றே பிரிவுகள் உள்ளன. காலை ஓபி நேரத்துக்குச் சீக்கிரமே போய்விட வேண்டும்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. பித்தநீர் நோய்களுக்கான உர்சோ மாத்திரை ரொம்பத் தாராளமாக எழுதப்படுகிறது. வெறும் கொழுப்பு ஈரலுக்கு அதைச் சர்வதேச வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. நாட்டு மருந்துக்கடைப் பொடிகளில் கீழாநெல்லியாவது பழகியது. சீந்தில் பொடியைத் தினம் சாப்பிட்டு ஈரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே சிரமப்படும் ஈரலுக்குப் பெயர் தெரியாத கலவைப் பொடி வேண்டவே வேண்டாம்.

இனி சாப்பாடு. இலக்கை முதலில் கிலோவில் எழுதிக்கொள்ளுங்கள். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கம் தணியும், 10-ஐத் தாண்டினால் தழும்பே பலருக்குப் பின்வாங்கும். 80 கிலோ ஆளுக்கு 4 கிலோ, 5.6 கிலோ, 8 கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ சரியான வேகம். '21 நாளில் லிவர் டீடாக்ஸ்' என்று விற்கும் பேக்கேஜ்களை நம்பாதீர்கள்; பட்டினி போட்டுச் சடசடவென்று எடை இறக்கினால் பித்தப்பையில் கல் சேரும், ஈரல் வீக்கம் கூடவும் வாய்ப்புண்டு.

நம் ஊரில் ஈரலைக் கொழுக்க வைப்பதில் எண்ணெயை விடச் சர்க்கரைக்கும் சோற்று அளவுக்கும் பெரிய பங்கு. மிஞ்சிய மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது; சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், அது நேரே ஈரலுக்குப் போகிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவும் இதற்கு விலக்கில்லை. 'கருப்பட்டிக் காபி' பலகை இப்போது நெடுஞ்சாலை முழுக்க இருக்கிறது. ஈரலுக்கு அதுவும் இனிப்புக் காபிதான். டீக்கடையில் 'ஒரு காபி, வித்தவுட்' என்று கேளுங்கள், மாஸ்டருக்குப் புரியும். சர்க்கரை போடாத காபி ஈரலுக்கு நல்லது என்பதற்கு நிறையச் சான்று இருக்கிறது. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம். உறவினர் வீடுகளில் ஒரு நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம், 200 கலோரி. 'கலர்' வேண்டாம், 'மோர் குடுங்க அத்தை' என்று கேட்டால் யாரும் மனம் நோக மாட்டார்கள். ஜூஸ் கடையில் சர்க்கரை வேண்டாம் என்றாலும் ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு பழம் போகிறது. ஒரு கொய்யாவைக் கடித்துச் சாப்பிடுவது மேல்.

மதியம் ஹோட்டலில் 'முழு சாப்பாடு' வாங்காதீர்கள். 'அளவு சாப்பாடு' கேளுங்கள். இலையில் முதலில் சோறு விழுவதற்கு முன்பே கூட்டையும் பொரியலையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். பரிமாறுகிறவர் கரண்டியோடு வரும்போது 'அண்ணே, சோறு பாதி போதும், கீரை இன்னொரு கரண்டி' என்று சொன்னால் முகம் சுளிப்பதில்லை; அவசரமான பெரிய ஹோட்டல்களை விடச் சின்ன மெஸ்களில் இது எளிதாக நடக்கிறது. சாம்பாரை ஊற்றிப் பிசைவதற்குப் பதில் கிண்ணத்தில் கேட்டு, பருப்பும் காயும் சேர்த்துக் குடியுங்கள். அப்பளத்தையும் பாயசத்தையும் இலைக்கு வருமுன்பே தடுத்துவிடுங்கள். வெந்த சோறு ஒன்றரைக் கப், அதாவது சுமார் 225 கிராம், ஒரு வேளைக்குப் போதும். இலையில் இரண்டு தடவை குவித்தால் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அசைவம் என்றால் மீன் குழம்பு சாப்பாடு நல்ல தேர்வு. மத்தி, நெத்திலி, அயிலை குழம்பில் வரட்டும். ஒரே எண்ணெயில் நாள் முழுக்கப் பொரியும் வறுவல் வேண்டாம்.

காலையில் மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு அவித்த முட்டை. பொங்கலும் வடையும் சேர்ந்த தட்டு நெய்யும் எண்ணெயுமாகவே இருக்கும். இரவில் பரோட்டாவுக்கு மாற்று கேட்டால் சப்பாத்தியைக் காட்டுவார்கள். குருமாவில் தேங்காயும் எண்ணெயும் அப்படியே இருக்கும். எண்ணெய் குறைத்த கல்தோசை இரண்டும் சுண்டலும் பரவாயில்லை. சிறுதானிய உணவகங்கள் பெருகியிருப்பது நல்லதுதான். ஆனால் சாமைச் சோறும் வரகுச் சோறும் சோறுதான். அரிசியை விட நார்ச்சத்து சற்றுக் கூடுதல், அளவு அதே ஒன்றரைக் கப். தினை லட்டும் கேழ்வரகு அல்வாவும் இனிப்புப் பலகாரம்.

வீட்டில் தங்குபவர்களுக்கு உழவர் சந்தையை விடச் சிறந்த சேவை வேறில்லை. 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம் இன்றும் ஊர் ஊராக நடக்கிறது. காலை ஆறரைக்குப் போனால் பனி உலராத முருங்கைக்கீரைக் கட்டும், பிஞ்சு கொத்தவரையும், வாழைத்தண்டும் கிடைக்கும். வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும், பேரம் பேசத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய், கீரை என்று கணக்கிட்டு வாங்குங்கள். எண்ணெய்க்கு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது கணக்கு. செக்கு எண்ணெய்க்கும் கலோரி அதேதான். பாலில் பாக்கெட் மேல் அச்சிட்டிருக்கும் கொழுப்புச் சதவீதத்தைப் பார்த்து, 3 அல்லது அதற்குக் குறைவானதை எடுங்கள். சமையல் அக்காவிடம் 'எண்ணெய் கம்மி' என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் மாறாது. ஒரு சின்ன கிண்ணத்தில் அன்றைக்குரிய எண்ணெயை அளந்து ஊற்றிக் கொடுத்து, 'இதுக்குள்ள முடிச்சிருங்கக்கா' என்று சொல்லுங்கள். தாளிப்பும் பொரியலும் தானாக அதற்குள் அடங்கும்.

அப்பா அம்மாவுக்கும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மருத்துவரிடம் மாத்திரை அளவைச் சரி செய்த பிறகே தட்டை மாற்றுங்கள். ஒல்லியாக இருப்பதால் அவர்களுக்கு இந்த நோய் வராது என்றும் நினைக்காதீர்கள்; நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே பார்க்க வேண்டும்.

மறுபரிசோதனைக்கு ஆறு மாதம் விடுங்கள். திரும்பும்போது ஃபைப்ரோஸ்கேன் அச்சுத் தாளையும் ரத்த ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் சர்க்கரையை மில்லிமோலில் எழுதுவார்கள், நம் ரிப்போர்ட்டின் எண்ணை 18-ஆல் வகுத்துக் காட்டினால் அங்குள்ள மருத்துவர் உடனே புரிந்துகொள்வார். வயிற்று ஸ்கேன் கிரேடை ஒப்பிடுவதில் பயனில்லை. எடை, இடுப்பளவு, எஸ்ஜிபிடி, ஃபிப்-4 நான்கையும் தேதி போட்டு ஒரே தாளில் எழுதி வைத்து, அடுத்த விடுமுறையில் முடிந்தவரை அதே லேபில், அதே கருவியில் எடுங்கள்.