சாச்சுரேஷன் பார்க்க கிளிப்பா, ஸ்டிக்கரா?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற அக்கா ஒருவர் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்தார். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, காட்டும் கிளிப்பை விரலில் மாட்டலாம் என்று கையைப் பிடித்தால், பத்து விரலிலும் பாறை கிழித்த கோடுகள். துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவாராம், அப்படியும் இந்தக் கதி. கிளிப் புண்ணில் அழுத்தும். அதற்குப் பதில் விரலில் ஒட்டும் ஸ்டிக்கரைப் போட்டால், பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

சின்ன ஆபரேஷன் என்றால் என் ஓட்டு கிளிப்புக்குத்தான். சட்டென்று கழற்றி விரலைப் பார்த்துவிடலாம். குறை அதன் ஸ்பிரிங். வலித்தால் நாம் கையை உதறுவோம், மயக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? பிரஷர் இறங்கி விரல் சில்லிட்டிருந்தால் அந்தச் சின்னக் கடியே தோலுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்திவிடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் விரலை மாற்றிவிட வேண்டும்.

நீண்ட ஆபரேஷனுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்டிக்கர் நல்லது, அழுத்தம் ஓரிடத்தில் குவியாது. ஆனால் அது ஒருவருக்கு ஒருமுறை பயன்படுத்தும் பொருள். அதையே அடுத்தவருக்கும் ஒட்டி, பசை போனதும் பிளாஸ்டரால் இறுக்கிச் சுற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். டிரிப்ஸ் ஏற ஏற விரல் வீங்கும், பிளாஸ்டர் விரியாது. அதைவிடப் பழைய கிளிப்பே மேல். ஒயர் முனை மானிட்டரில் பொருந்துகிறதே என்று வேறு கம்பெனி புரோபை (கிளிப்போ ஸ்டிக்கரோ, இரண்டுக்கும் பொதுப்பெயர்) செருகுவது இன்னும் மோசம். சூடாகித் தோல் வெந்த சம்பவங்கள் உண்டு.

மானிட்டரில் நாடித்துடிப்பின் அலை வராவிட்டால் நம் கை முதலில் இறுக்கத்தான் போகும். கீழக்கரைக் கல்யாண சீசனில் விரல் நுனியெல்லாம் கறுப்பு மருதாணியோடு வருவார்கள். புரோபின் வெளிச்சத்தை மறைப்பது அந்தச் சாயம், இறுக்கி என்ன பயன்? சிவப்பு மருதாணி பெரும்பாலும் தொல்லை தராது.

பி.பி. கஃப் தனிக் கதை. அதைக் கிளிப் இல்லாத மறு கையில், முழங்கை மடிப்புக்கு மேலே கட்டினால் நரம்புக்கு நல்லது. அவசரத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறை கஃப் தானாக இறுகும்படி வைத்தவர்கள் அப்புறம் அதை ஐந்து நிமிடத்துக்கு மாற்ற மறந்துவிடுவார்கள்.

சரி, அந்த அக்காவுக்குத் தோட்டைக் கழற்றிவிட்டுக் காது மடலில் மாட்டினேன். காதுக்கென்றே உள்ள கிளிப்தான்; விரல் கிளிப்பை அங்கே மாட்டினால் எண் தப்பாக வரலாம். முக்கால் மணி நேரத்தில் திறந்து பார்த்தேன், லேசாகச் சிவந்திருந்தது. மறு காதுக்கு மாற்றினேன்.