பேக்பிளேட், விங், நீள ஹோஸ்: ஹந்துவுக்கும் தியோமானுக்கும் சரிப்படுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேங்க் மாட்டிக் கடலில் முக்குளிப்பவர்கள் (ஸ்கூபா) முதுகில் கட்டும் பேக்பிளேட்டும் விங்கும் வாங்கலாம், காசு வீண்போகாது. ஆனால் அதோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும், மூச்சுக்காற்று வரும் 2.1 மீட்டர் ஹோஸும், "இப்படித்தான் மாட்டணும்" என்கிற பிரசங்கமும் எல்லாருக்கும் வேண்டியதில்லை.

பார்க்காதவர்களுக்காக: வழக்கமான ஜாக்கெட் பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி) காற்றுப்பை உடம்பைச் சுற்றி வரும். இதில் முதுகுக்கு ஓர் உலோகத் தகடு, அதில் கோத்த 5 சென்டிமீட்டர் அகல வார், தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் விங் எனப்படும் ஒரு காற்றுப்பை, அவ்வளவுதான். மெத்தை கிடையாது, பெரிய பாக்கெட் கிடையாது, உடைந்துபோகவும் அதிகமாக ஒன்றும் கிடையாது.

எஃகுத் தகடு இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். நம் சிங்கப்பூர், மலேசியா பக்கத்துக் கடல் 28, 29 டிகிரி, ரேஷ்கார்டோ 3 மில்லிமீட்டர் சூட்டோ போதும், படகில் கொடுப்பது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய டேங்க்தான். 200 பார் நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் வரும். அது தீரத் தீர டேங்க் மிதக்கப் பார்க்கும், கடைசியில் மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போதுதான் அந்த இழுப்பு தெரியும். இடுப்பில் கட்டும் ஈயம் பார்க்கிற வேலையைத் தகடு முதுகில், நுரையீரலுக்கு மேலேயே பார்த்துவிடுவதால் உடம்பு தானாகவே படுக்கைவாட்டில் நிற்கிறது. சிங்கப்பூரின் ஹந்து தீவில் இது பெரிய விஷயம். அங்கே நல்ல நாளிலேயே சில மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியும், தரையெல்லாம் வண்டல், காலைத் தொங்கப்போட்டு ஓர் உதை உதைத்தால் பின்னால் வருகிறவருக்குக் கடல் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில்தான் இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு, கடைக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடிப்படைப் பயிற்சியில் ஆபத்து வந்தால் எடையைக் கழற்றி விடச் சொல்லித் தருகிறார்கள், முதுகில் போல்ட் போட்ட தகட்டை எப்படிக் கழற்றுவது? ஆகவே வாங்கும் முன் நீச்சல்குளத்தில், நிரம்பிய டேங்கோடு, விங்கில் ஒரு சொட்டுக் காற்றில்லாமல், காலில் மாட்டிய துடுப்பை மட்டும் வைத்து மேலே வர முடிகிறதா என்று பாருங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். திணறினால் அலுமினியத் தகடு வாங்கி, மிச்ச எடையைக் கழற்றக்கூடிய இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. என்னைப் போல் சிறிய உடம்புக்காரர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பொருத்திக் கொடுக்கும் சேவை. கடையின் பெயர் வேண்டாம். வார் கோக்கப் பொறுமையாக உட்கார்ந்தார்கள், அதற்கு முழு மதிப்பெண். ஆனால் நான் சூட் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே இடுப்பு வாரை வெட்டக் கத்தரியை எடுத்தார்கள். டேங்கில் மீதமுள்ள காற்றைக் காட்டும் பிரஷர் கேஜின் ஹோஸ் என் இடுப்பைத் தாண்டி ஒரு வளையம் போட்டுத் தொங்கியது. கேட்டதற்கு அங்கிருந்த பையன், "அக்கா, ஸ்டாண்டர்ட் செட்டப்பே இப்படித்தான்" என்றார். "யாரோட ஸ்டாண்டர்ட் தம்பி?" என்றேன், சிரித்தார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. டேங்க் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் ஈஎன் 250 என்கிற ஐரோப்பியத் தரக்குறி பொறித்திருந்தால், 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் மூச்சிழுக்க எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது என்று சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் டேங்கோடு இணையும் பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் உயர் அழுத்தத் துளை 7/16 அங்குலம், மற்றவை பெரும்பாலும் 3/8, அதனால்தான் ஒரு கம்பெனி ரெகுலேட்டரில் இன்னொரு கம்பெனி ஹோஸ் பொருந்துகிறது. இதிலெல்லாம் ரசனைக்கு இடமே இல்லை. 2.1 மீட்டர் ஹோஸின் கதை வேறு. அது ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் முக்குளித்தவர்கள் வைத்த வழக்கம், குறுகலான பாதையில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக ஒரே டேங்கிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டு வெளியேறுவதற்காக. வில்லியம் ஹோகார்த் மெயின் என்பவர் பெயரால் அந்த அமைப்புக்கே ஹோகார்த்தியன் என்று பெயர். குழுவில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கருவி, ஒரே மாதிரி பயிற்சி, அங்கே அது பொருந்தியது.

மலேசியாவின் தியோமான் தீவுப் படகில் உங்களோடு ஜோடி சேர்பவரோ வெள்ளி இரவு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் முதல்முறை பார்த்தவர். காற்று தீர்ந்தால் அவர் கண் தேடுவது மஞ்சள் ஆக்டோபஸை (அடுத்தவருக்குக் காற்றுத் தரும் உபரி வாய்ப்பகுதி), அதுவும் மோவாய்க்கும் விலாவுக்கும் நடுவே. நீங்களோ வாயில் இருப்பதைக் கழற்றி நீட்டுவீர்கள், கழுத்தில் எலாஸ்டிக்கில் தொங்கும் இரண்டாவதை நீங்கள் வாயில் வைப்பீர்கள். முறை நல்லதுதான், பதறியவர் எப்படியும் வேலை செய்வதாகக் கண்ணால் பார்த்ததைத்தான் பிடுங்குவார் என்கிறார்கள், நானும் அதை நம்புகிறேன். ஆனால் படகிலேயே சொல்லி, ஒருமுறை நீட்டியும் காட்டிவிட வேண்டும். நான் 1.5 மீட்டருக்கு மாற்றிக்கொண்டேன். கைக்கு அடியில் வந்து கழுத்தைச் சுற்றிப் போகிறது, செருகி வைக்க இடுப்பில் பெரிய விளக்கு தேவையில்லை, நீட்டவும் போதுமான நீளம் இருக்கிறது. சிலர் இதைப் பாதிக் கிணறு தாண்டுவது என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

ஆக என் கணக்கு இதுதான். ஆபத்தில் அடுத்தவர் கை தேடி வரும் இடங்களில், அதாவது காற்றுத் தரும் ஹோஸ், விங்கில் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர், பக்கிள் ஆகியவற்றில், புதுமை காட்ட மாட்டேன். பக்கிள் வலது கையால் திறப்பதாக இடுப்பின் நடுவில், இன்ஃப்ளேட்டர் இடது தோளில். என் கை மட்டும் போகும் இடங்களில் எவர் பேச்சும் எடுபடாது. சாமான் மாட்டும் டி-ரிங்கை என் கட்டைவிரல் எட்டும் உயரத்துக்கு இறக்கினேன். தோள்பட்டை வலி இருப்பதால் இடது வாரில் கழற்றுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பூட்டு வைத்திருக்கிறேன். ஒரே வாராக இருந்தால்தான் பாதுகாப்பு என்று வாதாடுகிறவர்கள் ஆடுகிற படகில் வலிக்கிற தோளோடு ஒரு தடவை கழற்றிப் பார்க்கட்டும். கேஜை இடது இடுப்பில் கொக்கியில் மாட்டும் முறை மட்டும் நான் நினைத்ததைவிட வசதியாக இருக்கிறது, பவளத்தில் எதுவும் உரசுவதில்லை.

ரெகுலேட்டர் திருகி மாட்டும் டின் வகையாக வாங்கி, கூடவே கவ்விப் பிடிக்கும் யோக் வகை வால்வுக்கான அடாப்டர் ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள், எந்தப் படகில் எந்த வால்வு வரும் என்று சொல்ல முடியாது. துணிப்பின்னல் போட்ட ஹோஸ்கள் வளைய இதமானவை, நானும் மயங்கியிருப்பேன். ஆனால் அவற்றில் சிலவற்றின் உட்குழாய் வெப்பத்தில் கெட்டு, வெளியே ஒன்றுமே தெரியாமல் காற்றை அடைத்துவிடலாம் என்று முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு எச்சரித்திருக்கிறது. வெயிலில் நிறுத்திய கார் பூட்டில் நம் சாமான் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று யோசித்துவிட்டு ரப்பரிலேயே இருந்துவிட்டேன். ஹந்துவில், புக்கோம் எண்ணெய் ஆலைக்கு எதிரே கப்பல் போக்குவரத்துக்கு நடுவில் இறங்குகிறவர்கள் இருக்கும் இடத்தைப் படகுகளுக்குக் காட்டும் மிதவைக் குழாய் இல்லாமல் இறங்கக் கூடாது, தகட்டுக்குப் பின்னால் அதற்கு ஒரு பை தைத்துத் தருகிறார்கள், அதை வாங்கலாம்.

வருடத்துக்கு ஒரு தடவை விடுமுறையில் மட்டும் இறங்குகிறவர் என்றால் இதில் பணம் போட வேண்டாம், வாடகை ஜாக்கெட்டே போதும். மாதம் ஒருமுறையாவது போகிறவர், நிறையப் படம் எடுக்கிறவர், ஒரே கருவியைப் பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவர் வாங்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது 20 கிலோ பயணப்பைக்காக. இந்தோனேசியாவின் மனாடோ போகும்போது எஃகுத் தகட்டை வைத்தாலே இரண்டு நாள் துணியை எடுத்து வெளியே வைக்க வேண்டியிருக்கிறது.