ஏசிக்கு வருடா வருடம் காஸ் நிரப்பச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

மட்டக்களப்பு நகரிலும் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி போன்ற கரையோர ஊர்களிலும் வீட்டில் ஏசி பூட்டியிருப்பவர்கள் இதைத் தவறாமல் வாசிக்க வேண்டும். சேர்விஸுக்கு வருபவர் வெளிப் பெட்டியில் அமுக்கமானியைக் கொழுவிப் பார்த்துவிட்டு, காஸ் முடிந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்று சொன்னால், அது எந்த இடத்தால் கசிகிறது என்று காட்டும் வரை அவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பாரிசவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் அம்மாவின் அறையில், 12,000 பீ.ரீ.யூ. குளிரூட்டும் திறன் கொண்ட இன்வேர்ட்டர் ஏசி ஒன்று இருக்கிறது. கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அது இல்லாமல் அவரால் நித்திரை கொள்ள முடியாது. புரண்டு படுக்க இயலாதவருக்கு வியர்வையே முதுகில் புண்ணாகிவிடும். ஆகவே கச்சான் தொடங்குமுன் நகரிலுள்ள ஒரு நிறுவனத்தைக் கொண்டு சேர்விஸ் செய்விப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அங்கிருந்து வந்தவர், “அக்கா, காஸ் முடிஞ்சிட்டு. இன்வேர்ட்டர் மெசினெண்டா இப்பிடித்தான் இழுக்கும்” என்று சொல்லி, நிரப்பி, சேர்விஸ் கூலியைவிடப் பன்மடங்கு பணம் பெற்றுச் சென்றார்.

அவர் சொன்னது முழுப் பொய். ஏசியில் உள்ள காஸ், மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய செப்புக் குழாய்களுக்குள் அது உள் பெட்டியில் ஆவியாகி அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளிப் பெட்டியில் மீண்டும் திரவமாகி அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதால், எங்கும் ஓட்டை இல்லாவிட்டால், இயந்திரம் உழைக்கும் காலம் முழுவதும் அதே காஸ் போதும். குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த வருடமும் அதே கூலி கிடைக்கும் என்பது அந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும்.

கடைசியாக, ஆடி மாத வெயிலில், காஸை அமுக்கிச் சுற்றவிடும் கொம்பிரசர் அடியோடு நின்றுபோனது. கல்முனையிலிருந்து வந்த வேறொரு தொழில்நுட்பவியலாளர், வெளிப் பெட்டியில் செப்புக் குழாய் வந்து நட்டில் பூட்டப்படும் இடத்தில் எண்ணெய்க் கறை படிந்திருப்பதைப் பார்த்த உடனேயே சவர்க்கார நுரையைத் தடவினார். குமிழிகள் எழுந்தன. இவ்வளவு காலமும் கசிந்தது அந்த ஒரேயோர் இணைப்பால்தான். குழாயின் நுனியை வெட்டி, புதிதாக விரித்துப் பூட்டியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கக்கூடிய வேலை அது.

அதைவிட மோசமானது பிறகு தெரியவந்தது. எங்கள் இயந்திரத்தின் தகட்டில் காஸின் வகை ஆர்32 என்றும் அளவு 0.65 கிலோ என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. முந்தியவர் கொண்டுவந்த உருளையை என் மகன் படம் எடுத்து வைத்திருந்தான்; அதில் இருந்ததோ ஆர்22. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் கைவிடப்பட்டுவரும் பழைய வாயு அது. இரண்டும் வேலை செய்யும் அமுக்கங்களே வேறு, ஒன்றோடொன்று கலக்கவே கூடாதவை. பற்றுச்சீட்டில் ஒரு கிலோவுக்கு விலை போடப்பட்டிருந்தது. இயந்திரம் முழுவதுமாகக் கொள்ளும் அளவே 0.65 கிலோ என்றால், ஒரு கிலோ எங்கே போனது? பிழையான காஸ் நிரப்பப்பட்டிருந்ததால் கொம்பிரசருக்கான உத்தரவாதமும் செல்லாது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். புதிய கொம்பிரசர் வந்து சேரும் வரை அம்மா அந்த வெக்கையில் கிடந்து பட்ட பாட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம்ப வைப்பதற்கு இவர்கள் காட்டும் அடையாளங்கள் இரண்டு. குழாயில் ஐஸ் பிடித்திருப்பது ஒன்று. தூசு அடைத்த பில்டராலும், காற்றாடியில் அழுக்குப் படிந்து காற்றோட்டம் குறைவதாலும் அதே ஐஸ் பிடிக்கும். ஆகவே முதலில் பில்டரைக் கழுவிப் பாருங்கள்; கச்சான் புழுதியில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. மற்றது அமுக்கமானியின் முள். இன்வேர்ட்டரில் கொம்பிரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் முள்ளும் மாறும். அதை மட்டும் வைத்துக் காஸ் குறைவு என்று தீர்மானிக்க முடியாது.

உண்மையாகவே காஸ் போடவேண்டி வந்தால், கசிவை அடைத்த பின் நைதரசன் அடித்துச் சோதித்து, பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, தகட்டில் உள்ள வகையையே தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். தராசும் பம்பும் கொண்டுவராதவரைப் படலையிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். கல்லடி போலக் கடற்காற்று படும் இடங்களில், வெளிப் பெட்டியை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவச் செய்யுங்கள். உப்புப் படிந்து செப்பும் அலுமினியமும் அரிபடுவதும் கசிவுக்குக் காரணமாகும்.

படத்தையும் பற்றுச்சீட்டுகளையும் இணைத்து, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிட்டிருக்கிறேன். சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள். விசாரிப்பதற்கு 1977 என்ற இலக்கம் உண்டு. நிரப்பிய காஸின் வகையையும் நிறையையும் எழுதிய பற்றுச்சீட்டை, வந்தவர் படலையைத் தாண்டுமுன் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.