பெட்டி மேல 1600 எக்ஸ், வேலைக்கு ஆகறது 400 தான்

பொண்ணு பிளஸ் ஒன், செடியோட செல்லுக்குள்ள நிறத்தையோ மாவையோ வச்சிருக்கற குட்டி உறுப்பான கணிகத்துல பசுங்கணிகம் வண்ணக்கணிகம் வெளிர்கணிகம்னு மனப்பாடம் பண்ணிட்டு இருந்தா, நேர்லயே பாக்கட்டுமேன்னு ஆன்லைன்ல 4500 ரூவாய்க்கு ஒரு ஸ்டூடண்ட் மைக்ராஸ்கோப் வாங்கினேன். ரெண்டு மாசமாச்சு.

1600 எக்ஸ், அதாவது 1600 மடங்கு பெருசா காட்டும்ங்கறத நம்பாதீங்க. கண்ணு வச்சு பாக்கற ஐபீஸ் 10 எக்ஸ், கீழ லென்ஸ் 40 எக்ஸ், பெருக்கினா 400, அதுவரைக்கும் படம் சுத்தம். அதுக்கு மேல போனா மங்கலாத்தான் பெருசாகுது. கணிகம் பாக்க 400 தாராளம்.

மொதல்ல ஹைட்ரில்லா, மீன் தொட்டி கடையில ஒரு கொத்து வாங்கினது. இலை ரெண்டே செல் கனம்ங்கறதால சீவவே வேணாம், ஒரு சொட்டு தண்ணியில வச்சு மூடிட்டா போதும், செல்லுக்குள்ள பச்சை பச்சையா பசுங்கணிகம், கொஞ்ச நேரம் கழிச்சு நடுநரம்பு பக்கம் பாத்தா அதெல்லாம் சுவரோரமா வரிசையா சுத்த ஆரம்பிச்சுடுச்சு, "அப்பா ஓடுதுப்பா"ன்னு அவ கத்துன கத்துல பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்துட்டாங்க. தானா ஓடல, செல்லுக்குள்ள இருக்கற கூழ், சைட்டோபிளாசம், அது இழுத்துட்டுப் போகுது. இதுக்கே காசு சரியாப்போச்சு.

பழுத்த தக்காளி சதைய துளியூண்டு நசுக்கினா ஆரஞ்சும் சிவப்புமா துணுக்குத் துணுக்கா வண்ணக்கணிகம். காயா இருந்தப்போ இதுவே பசுங்கணிகம், பழுக்கறப்போ பச்சையம் போயி லைக்கோபீன்ங்கற சிவப்பு நிறமி சேந்துடுது. பீட்ரூட்ட வச்சு ஏமாந்தோம், அந்தக் கலர் கணிகத்துல இல்ல, நுண்குமிழின்னு செல்லுக்குள்ள இருக்கற சாறுப் பையில கரைஞ்சு கெடக்கு, செல் முழுக்க ஒரே ரோஸ்.

உருளைக்கிழங்க சுரண்டி, தண்ணி கலந்த அயோடின் ஒரு சொட்டு விட்டா கருநீலமா முட்டை முட்டையா மாவுமணி. நிறமே இல்லாத வெளிர்கணிகத்துல அமைலோபிளாஸ்ட்னு ஒரு வகை வருமே, அது சேத்து வச்ச ஸ்டார்ச் தான் இது. அயோடின் ஊத்தறதுக்கு முன்னாடி பாருங்க, மணிக்குள்ள வளையம் வளையமா கோடு தெரியும், ஊத்திட்டா எல்லாம் கறுப்பு. வெளிச்சத்துல கெடந்த கிழங்கு பச்சையாகறதும் இந்த அமைலோபிளாஸ்ட் பசுங்கணிகமா மாறறதாலதான். அதோட சோலனின் விஷமும் ஏறும்ங்கறதால, பாத்துட்டு தூக்கிப் போட்டுட்டேன்.

கூட குடுத்த ரெடிமேட் ஸ்லைடு அஞ்சும் தண்டம், சாயம் வெளுத்து என்னன்னே தெரியல. போன் ஹோல்டர் ஆடுது. 40 எக்ஸ்ல ஃபோகஸ் பண்றப்போ பெரிய திருகாணியத் தொடாதீங்க, லென்ஸ் இறங்கி, மேல மூடற மெல்லிசு கவர்கிளாஸ் ரெண்டு ஒடைஞ்சுது, அதுவும் பத்தே பத்து தான் தர்றான், தனியா ஒரு டப்பா சேத்து ஆர்டர் போட்டுடுங்க. அஞ்சுக்கு மூணரை.