பழைய பள்ளிக் கட்டடத்தில் டேட்டா கேபிள்: எந்த வழி, எந்தக் கேபிள், எத்தனை ரேக்

சென்னையில் ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயபுரம் பக்கம் நூறு வயதைத் தாண்டிய கட்டடங்களில் இன்றும் வகுப்பு நடக்கிறது. ஒன்றரை அடி, சில இடங்களில் இரண்டடி கனத்துக்குச் செங்கல் சுவர். சிமென்ட் கிடையாது, சுண்ணாம்புச் சாந்து. தலைக்கு மேலே தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்புமான மெட்ராஸ் டெரஸ் கூரை. இங்கே ஸ்மார்ட் போர்டும் கேமராவும் வை-ஃபையும் வரப்போகிறது என்றதும் மூன்று கொட்டேஷன் வாங்குகிறார்கள். மூன்றிலும் கேபிளின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். கேபிள் வகைகளில் கேட்-6 போதுமா, அதற்கு மேல்தரமான 6ஏ வேண்டுமா என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடும். ஆனால் இந்தக் கட்டடங்களில் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் கேபிள் போகும் வழிதான். அதை முதலில் முடிவு செய்தால் மற்றவை தாமாக வரிசைக்கு வரும்.

கணக்குக்கு ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வோம். தரைத்தளமும் ஒரு மாடியும். தளத்துக்கு 8 வகுப்பறைகள், ஒரே வரிசை, முன்னால் 60 மீட்டர் தாழ்வாரம். அறைக்கு 3 பாயின்ட், அதாவது கேபிள் வந்து முடியும் இடம்: போர்டுக்கு ஒன்று, ஆசிரியர் மேசைக்கு ஒன்று, வை-ஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு ஒன்று. மொத்தம் 48.

சுவரை வெட்டுவதா, மேலே ஓட்டுவதா

சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிப் பைப்பைப் புதைத்துப் பூசிவிட்டால் பார்க்க அழகுதான். புதுக் கட்டடத்தில் அதுவே சரி. சுண்ணாம்புச் சுவரில் அது கேடு. கட்டிங் மெஷினின் அதிர்வில் காடியின் இருபுறமும் பூச்சு செங்கல்லை விட்டு விலகுகிறது. தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் வரும். பிறகு காடியைச் சிமென்ட் கலவையால் அடைப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் சுவர். சிமென்ட் அதற்கு வழிவிடாது. அடைபட்ட ஈரம் ஓரங்களில் வெளிவந்து உப்பு பூக்கும், ஓரிரு மழைக்காலத்துக்குள் காடி போன தடம் முழுக்கப் பெயர்ந்து விழும். ஒரு கேபிள் பழுதானால் மறுபடியும் சுவரை உடைக்க வேண்டும் என்பது தனிக் கதை. கட்டடம் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் சுவரில் கை வைக்கும் முன்பே பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பின்னாளில் கட்டிய சிமென்ட் பூச்சுக் கட்டடம் வளாகத்தில் இருந்தால் காடியை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

சுவர்மேல் திருகி மூடி போடும் பிளாஸ்டிக் பட்டையான பி.வி.சி. கேசிங் இதற்கு நேர் எதிர். விலை குறைவு, ஒரு நாளில் மூன்று நான்கு அறை முடியும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். அறைக்குள் இதைவிட நல்லது இல்லை. திறந்த தாழ்வாரத்தில்தான் தோற்கும். வெயில் பட்டால் மஞ்சளித்து நொறுங்கும். கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் மூடியைப் பிள்ளைகள் பிய்த்துவிடுவார்கள். கேபிளைத் திணித்தால் மூடி தானாகவே வாய் பிளக்கும்.

தாழ்வாரத்துக்கு மூடியுள்ள ஜி.ஐ. ட்ரங்கிங்தான் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுப் பெட்டிக்குழாய்) எங்கள் தேர்வு. விலை கூடுதல், வெட்டவும் வளைக்கவும் நேரம் எடுக்கும். ஆனால் எலி கடிக்காது, வெயில் தாங்கும், நாளைக்கு இன்னும் நான்கு கேபிள் போட மூடியைக் கழற்றினால் போதும். வெட்டிய முனைகளை அரம் போட்டு, கோல்ட் கால்வனைசிங் (துத்தநாகப்) பெயின்ட் அடிக்க வேண்டும். கடற்காற்று வீசும் ஊரில் அதை விட்டால் துரு அந்த முனையில்தான் தொடங்கும். ட்ரங்கிங்கைச் சுவரில் பிராக்கெட் வைத்து 1.2 மீட்டருக்கு ஒன்றாகத் தாங்க வேண்டும், கூரையிலிருந்து தொங்கவிடவே கூடாது.

காரணம் மெட்ராஸ் டெரஸின் கட்டுமானம். தேக்குச் சட்டங்களுக்கு மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவிட்டமாக வரிசை பிடித்துச் சுண்ணாம்பால் ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதன்மேல் தட்டோடு. அந்தச் சிறு கற்களைப் பிடித்து வைத்திருப்பது இடையிலுள்ள சுண்ணாம்பு ஒன்றே. கீழிருந்து ஹாமர் டிரில் வைத்தால் ஒரு கல் தளரும், அதன் அண்டைக் கல்லும் தளரும், அடுத்த ஐப்பசியில் அந்த இடம் ஒழுகும். ஆக்சஸ் பாயின்ட்டைக் கூரை நடுவில் வைக்கச் சொல்லும் வரைபடம் எதுவானாலும் இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். உத்திரத்துக்குக் கீழே சுவரில் எல்-பிராக்கெட் வைத்து மாட்டினால் ஒரு வகுப்புக்குத் தாராளம். வளாகத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை இருந்தால் அந்த ஷீட்டிலும் துளை வேண்டாம். தூசி நுரையீரலுக்கு ஆகாது.

துளையும் திருகும்

இந்தச் சுவரில் 6 மி.மீ. பிளக் (திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) நிற்காது. டிரில் போடும்போது தூசியின் நிறத்தைப் பாருங்கள். முதலில் வெள்ளை, அது பூச்சு. அப்புறம் செம்மண் நிறம் வந்தால் செங்கல்லில் இருக்கிறீர்கள். மறுபடி வெள்ளையாக, மாவு மாதிரி கொட்டினால் பிட் இணைப்புச் சாந்தில் இறங்கிவிட்டது. அங்கே திருகு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலு விரல் தள்ளி வேறு துளை போடுங்கள். 8 மி.மீ. பிளக், 50 மி.மீ. திருகு, ஹாமர் இல்லாமல் சுழற்சி மட்டும். கேசிங்குக்கு 60 சென்டிமீட்டருக்கு ஒரு திருகு. மரக்கட்டி அடிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். கரையானுக்கு அது ஏணி.

தாழ்வாரத்திலிருந்து அறைக்குள் கேபிள் போக ஒன்றரை அடிச் சுவரைத் துளைக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து தள்ளினால் பிட் வெளிவரும் இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயரும். இரு பக்கமும் அளந்து குறித்து, பாதிப் பாதியாகத் துளையுங்கள். துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், சாரல் நீர் உள்ளே வராது. உள்ளே 25 மி.மீ. பைப் துண்டைச் செருகி, சுற்றிலும் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள்.

இதைவிட நல்ல வழி பல பள்ளிகளில் கண்ணெதிரிலேயே இருக்கிறது. கதவுக்கு மேலே பழைய வென்டிலேட்டர். அதில் ஒரு கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் அக்ரிலிக் தகடு வெட்டி, நடுவில் கேபிளை இறுகப் பிடிக்கும் ஒரு கேபிள் கிளாண்ட் வைத்தால் மூன்று கேபிளும் போய்விடும். சுவரில் ஒரு துளை கூட இல்லை. என்றாவது எல்லாவற்றையும் எடுத்தால் கண்ணாடி தன் இடத்துக்குத் திரும்பும்.

கேட்-5இ, 6, 6ஏ

கேட்-5இ 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் கொடுக்கும். வகுப்பறைக்கு இன்றைக்கு அது போதும்தான். ஆனால் இங்கே செலவு ஆளுக்கும் வழிக்கும். கேபிள் விலையில் மிச்சம் பிடிப்பதில் பெரிய லாபமில்லை. ஆகவே போட்டி 6-க்கும் 6ஏ-க்கும்.

6ஏ 100 மீட்டர் முழுக்க 10 ஜிகாபிட் தாங்கும். கேட்-6 அதே வேகத்தை நல்ல சூழலில் 55 மீட்டர் வரையும், நெருக்கமான கட்டில் 37 மீட்டர் வரையும் தாங்கும். காகிதத்தில் 6ஏ ஜெயிக்கிறது. தடிமனைப் பாருங்கள்: கேட்-6 சுமார் 6 மி.மீ., 6ஏ சுமார் 7.5 மி.மீ. ட்ரங்கிங்கில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. 12 கேட்-6 கேபிளுக்கு 50-க்கு 25 மி.மீ. ட்ரங்கிங் போதும்; 12 6ஏ அந்த அளவைத் தாண்டிவிடும், அடுத்த அளவுக்குப் போக வேண்டும். வளைவும் பெரிதாகும்: கேபிள் விட்டத்தின் நான்கு மடங்கு ஆரம் என்ற விதிப்படி கேட்-6க்கு 24 மி.மீ., 6ஏ-க்கு 30. பழைய சுவர்களின் மூலையில் அந்த 6 மி.மீ. கூட உறுத்தும். கீழே சொல்வதுபோல ரேக்கை, அதாவது எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டியை, கட்டட நடுவில் வைத்தால் சாதாரண ஓட்டம் 30 மீட்டர்தான், கேட்-6க்கே 10 ஜிகாபிட் சாத்தியமாகிறது. எனவே வகுப்பறைக்குக் கேட்-6, ஷீல்டு (உலோக உறை) இல்லாதது. ஷீல்டு கேபிளுக்கு ஒழுங்கான எர்த் வேண்டும்; பழைய பள்ளிகளில் முதலில் இல்லாமல் போவது அதுதான்.

வகையைவிட முக்கியம் ஒன்று: செம்பா, செம்புப் பூச்சிட்ட அலுமினியமா. சந்தையில் கேட்-6 என்ற பெயரிலேயே அலுமினியமும் விற்கிறது. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். 305 மீட்டர் பாக்ஸைக் கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். 23 கேஜ் கம்பியில் செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோ இருக்க வேண்டும். இழுத்த பிறகு சந்தேகம் வந்தால் ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரு கம்பியையும் முறுக்கிவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 50 மீட்டர் ஓட்டத்துக்கு 7 ஓம் பக்கம் காட்டினால் செம்பு. 10-ஐத் தாண்டினால் அலுமினியம். பி.ஓ.ஈ. மூலம் கேமராவுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் மின்சாரம் இதே கம்பியில்தான் போகிறது. அலுமினியத்தில் மின்னழுத்தம் குறைந்து, சாதனம் நடுவில் நின்று நின்று வரும். குற்றம் சாதனத்தின் மேல் விழும்.

ஒரே ரேக்கா, தளத்துக்கு ஒன்றா

ஆபீஸ் ரூம் கட்டடத்தின் ஒரு கோடியில் இருக்கும், ரேக்கையும் அங்கேயே வைக்கச் சொல்வார்கள். சாவி ஒன்று, யு.பி.எஸ். ஒன்று, பார்த்துக்கொள்வது சுலபம். கணக்கு வேறு சொல்கிறது. மறுகோடி மாடி அறைக்கு தாழ்வாரம் 60, ஏற்றம் 5, அறைக்குள் 12, மிச்சம் விடுவது 3: 80 மீட்டர். ரேக்கில் கேபிள்கள் முடியும் பேட்ச் பேனலிலிருந்து அறை ஜாக் வரை எல்லை 90. இந்த அளவில் தப்பிக்கலாம். தாழ்வாரம் 'எல்' போல் திரும்பி இன்னும் நாலு அறை போனால் தப்ப முடியாது. சராசரி 48 மீட்டர் என்றால் 48 பாயின்ட்டுக்கு 2,304 மீட்டர். கழிவு பத்து சதவீதம் சேர்த்தால் 9 பாக்ஸ். ஆபீஸ் வாசலில் தளத்துக்கு 24 கேபிள் ஒன்றாகச் சேரும். 50-க்கு 50 ட்ரங்கிங் வேண்டும்.

ஒவ்வொரு தளத்திலும் நடுவில் 9யு (யு என்பது ரேக்கின் உயர அளவு) சுவர் ரேக் வைத்தால் சராசரி 30 மீட்டர், மொத்தம் 1,440. கழிவோடு 6 பாக்ஸ். இரு பக்கமும் 12 கேபிள்தான் போகும், பாதி அகல ட்ரங்கிங் போதும். பதிலுக்கு ஒரு ரேக், ஒரு பேட்ச் பேனல், ஒரு சின்ன யு.பி.எஸ். கூடுகிறது, ஆபீஸிலிருந்து இரு ரேக்குக்கும் 6 கோர் ஃபைபர் (கண்ணாடியிழைக் கேபிள்) போக வேண்டும். செலவு ஏறத்தாழ சமமாகிவிடும். சுவரில் சுமை குறைவு, வேகத்துக்கு இடமுண்டு என்பதால் இரண்டாவதே மேல். ரேக்கைக் கழிவறைச் சுவரிலும், மாடிப்படிக்குக் கீழும் வைக்காதீர்கள். முதலாவதில் ஈரம், இரண்டாவதில் தூசியும் துடைப்பமும்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் வேண்டவே வேண்டாம். இரு கட்டடத்தின் எர்த்தும் ஒன்றல்ல. இடி மழையில் அந்தக் கேபிளால் இரு பக்க சுவிட்சும் (கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் கருவி) எரிந்துபோகும். சிங்கிள் மோட் ஃபைபர், எச்.டி.பி.ஈ. (கெட்டி பிளாஸ்டிக்) பைப்புக்குள், உலோகக் கவசம் இல்லாதது. கவசமுள்ளதைப் போட்டால் அந்த இரும்புத் தகடே மின்னல் அதிர்ச்சியைக் கடத்தும், அதற்குத் தனி எர்த் வேலை வேண்டும்.

வை-ஃபை இருந்தால் வயர் எதற்கு என்ற கேள்விக்கு ஒன்றரை அடிச் சுவரே பதில். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டி அடுத்த அறையில் நாற்பது பிள்ளைகளுக்குப் போதாது. அறைக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைத்தாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேபிள் வேண்டும்.

மின்சாரமும் டெஸ்ட்டும்

தாழ்வாரத்தில் மரப்பட்டை வயரிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியே ட்ரங்கிங் போகட்டும், குறுக்கிட்டால் செங்குத்தாக. இந்த வயரிங்கில் பெரும்பாலும் எர்த் கம்பியே இருக்காது. ரேக்குக்கு மூன்று கம்பித் தனி லைனும், 6 சதுர மி.மீ. பச்சைக் கம்பியில் எர்த் குழி வரை இணைப்பும் எலக்ட்ரீஷியன் போட்டுக் கொடுத்த பிறகே சுவிட்சை இயக்குங்கள்.

விளக்கு எரியும் 300 ரூபாய் டெஸ்ட்டர் எட்டுக் கம்பியும் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் சொல்லும். 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரு முனையிலும் ஒரே மாதிரி ஜோடி பிரித்து அடித்திருந்தாலும் எல்லா விளக்கும் எரியும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டியவை. ஜிகாபிட் வராது, 100 மெகாபிட்டுக்கு இறங்கும், அல்லது இணைப்பு விட்டு விட்டு வரும். இரு முனையிலும் 568பி என்ற கம்பி நிற வரிசை, ஜாக்கில் முறுக்கைப் பிரிப்பது 13 மி.மீ.க்குள், இழுவை 11 கிலோவுக்குள், கட்டுவதற்கு கேபிள் டைக்குப் பதில் வெல்க்ரோ. முடிந்ததும் இணைப்பின் தரத்தை அளக்கும் சர்டிஃபையர் கருவியில் 48 லிங்க்குக்கும் தனித்தனி ரிப்போர்ட் கேளுங்கள், அது வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். கருவியை நாள் வாடகைக்கு எடுக்கலாம்.

துளை போடும் வேலை மே மாதத்தில் முடிந்துவிட வேண்டும். சுண்ணாம்பு அடைப்பு மெல்லத்தான் காயும். ஐப்பசி மழைக்கு முன் அதற்கு மூன்று நான்கு மாதம் கிடைக்கட்டும். கேபிள் இழுப்பதையும், கம்பிகளை ஜாக்கில் பதித்துப் பஞ்ச் அடிப்பதையும் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளலாம். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் தளம், அறை, பாயின்ட் எண் அச்சடித்த லேபிள் ஒட்டி, எந்தக் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்ற வரைபடத்தை லேமினேட் செய்து ரேக் கதவின் உட்புறம் மாட்டிவிடுங்கள்.