லகானைக் கையில் தராத குதிரை வகுப்பு

கல்யாண ஊர்வலத்துக்கும் போட்டோவுக்கும் மட்டும் குதிரை ஏறிப் பழகியவர்கள் இந்த இடத்துக்குப் போனால் முதல் வாரமே எரிச்சல் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில் வெண்ணாற்றைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் மணல் கொட்டிய வட்டம், கீற்று வேய்ந்த லாயம், நாலு குதிரைகள். பெயர்ப்பலகை கிடையாது, நடத்துகிற அண்ணன் பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

ஆரம்பத்தில் லகானும் இல்லை, கால் வைக்கிற வளையமான அங்கவடியும் இல்லை. நீண்ட கயிற்றின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு குதிரையை வட்டமாக ஓடவிடுவார், நாம் மேலே ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். காசு கொடுத்துச் சும்மா உட்காரவா என்று எனக்கு அடுத்து நின்றவர் முணுமுணுத்தார். வியன்னாவில் இருக்கிற ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலிலும் புது ஆட்களை இப்படிக் கயிற்றில்தான் பழக்குகிறார்கள். உட்காரத் தெரியாதவன் விழாமல் இருக்க லகானைத்தான் பிடித்துத் தொங்குவான். லகானோடு சேர்ந்த கடிவாள இரும்பு குதிரை வாயில் கிடப்பதோ முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே, பல்லே இல்லாத ஈறில். அங்கே எலும்பின் மேல் மெல்லிய தோல்தான், நம்முடைய ஒவ்வொரு தடுமாற்றமும் நேராக அதன் வாய்க்குப் போகும்.

லகான் கைக்கு வந்த பிறகுதான் நிஜமான வகுப்பு. ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கிற பிராணி அது, அதை எதற்கு உதைக்க வேண்டும் என்கிறார். கெண்டைக்காலால் லேசாக அழுத்து, ஒரு அடி எடுத்து வைத்த உடனே விடு. குதிரை கற்பது அழுத்துவதில் இல்லை, விடுவதில். நடந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தால், சரியாகச் செய்தாலும் இவன் விட மாட்டான் என்று அதற்குப் புரிந்துவிடும், அப்புறம் எவ்வளவு உதைத்தாலும் அசையாது. நிறுத்துவதற்கும் இழுப்பு கிடையாது: முதுகை நிமிர்த்தி, இடுப்பின் அசைவை அடக்கி, கடைசியாகத்தான் விரலை மூடுவது. நான் கையைக் கொஞ்சம் ஆட்டினால் போதும், "தம்பி, கை சத்தம் போடுது" என்று வட்டத்துக்கு நடுவிலிருந்து குரல் வரும். எனக்குக் கொடுத்தது ராஜஸ்தான் இனமான மார்வாரி குதிரை, நுனி உள்ளே வளைந்த காது. அதில் ஒன்று பின்னால் என் பக்கம் திரும்பியிருந்தால் கவனிக்கிறது என்று அர்த்தமாம், அதைப் பார்க்கப் பழகிய பிறகு என் அவசரம் பாதி குறைந்தது.

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்காலைத் தூக்கி நிற்கிற குதிரைகளைப் பார்த்துவிட்டு அதே மாதிரி நிற்க வைக்கணும் என்று வருகிற பையன்களும் உண்டு. இவர் சிரித்துக்கொண்டே குதிரையின் முன் தோளை வட்டத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொண்டுவந்து நடக்க வைப்பார், 18ஆம் நூற்றாண்டில் கெரினியேர் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்துக் கொடுத்த பயிற்சி. முன்காலைத் தூக்கி நிற்க, முதலில் உள்பக்கப் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வந்து பாரம் வாங்கப் பழக வேண்டும், அந்தப் பலம் வர வருடக்கணக்காகும். பையன்களில் பாதிப் பேர் அதோடு நின்றுவிடுகிறார்கள், நல்லதுதான்.

குறையும் இருக்கிறது. நாலு குதிரைக்கும் இரண்டே சேணம், மெலிந்த பெட்டைக் குதிரைக்கு அது தோள்மேட்டில் அழுத்துகிறது. வாய் வலிக்கக் கூடாது என்று இவ்வளவு பேசிவிட்டு முதுகை இப்படி விடுவது எனக்கு ஒப்பவில்லை, சொன்னேன், பார்க்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், உட்காருவதைவிட நிற்பதுதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மணல் சேறாகி வகுப்பே நடக்காது, கட்டிய பணம் திரும்ப வராது, தை மாதத்துக்குத் தள்ளிப்போடுவார்கள்.

சேர்வதென்றால் வார நாளில் காலை ஆறு மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள், வெயில் ஏறினால் குதிரையும் சோர்ந்துவிடும். குழந்தைகள் அளவுக்கு அங்கே ஹெல்மெட் இல்லை, வாங்கிக் கொண்டு போய்விடுங்கள்.