ஒரே நாளில் பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்றால் பணம் கட்டாதீர்கள்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். போன வருடம் எங்கள் மருத்துவமனை, மருத்துவமனைகளின் தரத்துக்குக் கொடுக்கும் என்.ஏ.பி.ஹெச். அங்கீகாரத்துக்குத் தயாரானது. நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கிற எல்லோரும் பி.எல்.எஸ்., அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்கான சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று ஹெச்.ஆரில் சொன்னார்கள். இரண்டு வாரம்தான் அவகாசம். அந்த அவசரத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. ஒரே நாளில் பி.எல்.எஸ்., அதற்கு அடுத்த நிலைப் பயிற்சியான ஏ.சி.எல்.எஸ். இரண்டும், அமெரிக்கச் சான்றிதழ், அன்று மாலையே கையில் கிடைக்கும், 3,500 ரூபாய். என் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவரும் நானும் பணம் அனுப்பினோம். ஏ.சி.எல்.எஸ். ஒன்றுக்கே வழக்கமாக இரண்டு நாள் ஆகும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

வகுப்பு நடந்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜின் மீட்டிங் ஹாலில். ஏறக்குறைய 60 பேர் இருந்தோம். நர்சுகள், லேப் டெக்னீஷியன்கள், ஆம்புலன்சில் போகிறவர்கள், வளைகுடா வேலைக்குப் பேப்பர் தயார் செய்கிறவர்கள். சொல்லிக்கொடுக்க ஒரே ஒருவர். நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மையும் ஒன்றுதான். போதுமான ஆழத்துக்கு அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் வர வேண்டும், அது வரவே இல்லை. மதியம் ஒன்றரை வரைக்கும் ஸ்லைடு. சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்குப் பத்துப் பதினைந்து தடவை அழுத்தினோம். “சூப்பர், அடுத்தவங்க வாங்க.” இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியைப் படத்தில் மட்டும் பார்த்தோம். தேர்வில் 25 கேள்விகள், விடைகளை அவரே வாசித்தார்.

சொல்லிக்கொடுத்ததும் பழைய பாடம். பெரியவர்களுக்கு 15 அழுத்தம், 2 மூச்சு என்றார். அது 2005-லேயே 30-க்கு 2 என்று மாறிவிட்டது. 15-க்கு 2 என்ற கணக்கு இன்றைக்கும் உண்டு, ஆனால் குழந்தைகளுக்கு இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது மட்டும். முதலில் மூச்சுப்பாதையைப் பாருங்கள், மூச்சு கொடுங்கள், அப்புறம் நெஞ்சுக்கு வாருங்கள் என்றார். 2010-லிருந்து நெஞ்சு அழுத்தம்தான் முதலில்.

மாலையில் லேமினேட் செய்த ஒரு கார்டு கொடுத்தார்கள். ஐந்து வருடம் செல்லும் என்று அதில் இருந்தது. ஹெச்.ஆரில் கொடுத்தேன், மறுநாளே திருப்பிவிட்டார்கள். அமெரிக்கச் சான்றிதழ் என்று அவர்கள் சொன்னது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் என்ற அமைப்பின் சான்றிதழை, அது இரண்டு வருடம்தான் செல்லும். இப்போது அது மின்னணு கார்டாக வருகிறது. அதில் இருக்கும் எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டால் நம் பெயர் வர வேண்டும். எங்கள் கார்டிலும் ஒரு எண் இருந்தது, போட்டால் அப்படி ஒன்றே இல்லை என்று வந்தது. வகுப்பு நடத்தியவர்களுக்குப் போன் செய்து கேட்டோம். “சர்வர்ல அப்டேட் ஆக 45 நாள் ஆகும் மேடம்.” அதற்கு அப்புறம் எங்கள் அழைப்பை எடுக்கவே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். கொடுத்த ரசீதில் முகவரியும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. பணம் இன்று வரை வரவில்லை.

வேறு வழியில்லாமல் இன்னொரு வகுப்பில் சேர்ந்தேன். முதலில் கட்டியதைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். அங்கே ஒரு பயிற்றுநருக்கு ஆறு பேர், மூன்று பேருக்கு ஒரு பொம்மை. அழுத்தும் வேகத்தையும் ஆழத்தையும் காட்டும் கருவி பொம்மையோடு இணைந்திருந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை இருக்க வேண்டும், நான் 140-ல் போய்க்கொண்டிருந்தேன். ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 6-ஐத் தாண்டவும் கூடாது. என்னுடையது 5-ஐத் தொடவே இல்லை. கையை முழுதாக மேலே எடுக்காமல் பொம்மை மேலேயே சாய்ந்துகொண்டும் இருந்தேன். நெஞ்சு மேலே எழும்பினால்தான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும் என்று பயிற்றுநர் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். இரண்டு நிமிடம் விடாமல் செய்யச் சொன்னார். ஒரு நிமிடத்திலேயே கை ஓய்ந்துபோனது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது ஏன் என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது.

முதல் வகுப்பில் வாயே திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இதயம் நின்ற பிறகும் சிலருக்கு வாய் திறந்து திறந்து மூடும், விட்டுவிட்டு இழுப்பது போல ஒரு சத்தம் வரும். பார்க்கிறவர்கள் மூச்சு இருக்கிறது என்று நினைத்துக் காத்திருப்பார்கள். அது மூச்சு இல்லை, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். லாட்ஜ் ஹாலில் எங்களுக்குச் சொன்னது “மூச்சு இருந்தா கை வைக்காதீங்க” என்பது மட்டும்தான். அப்படி ஒருவர் என் முன்னால் விழுந்திருந்தால் நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று டயாலிசிசுக்கு வருகிறவர்களுக்கு நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுகிறது. பொட்டாசியமும் நீரும் உடம்பில் ஏறி இதயம் நின்றுபோகலாம், திங்கட்கிழமைதான் எங்களுக்கு ஆபத்தான நாள். டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவரை முதலில் தட்டையாக, கெட்டியான பரப்பில் படுக்க வைக்க வேண்டும் என்பதையும் இரண்டாவது வகுப்பில்தான் செய்து பார்த்தேன்.

அதனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: எத்தனை பேர், எத்தனை பொம்மை, அழுத்தத்தை அளந்து காட்டும் கருவி உண்டா, கார்டு எந்தப் பயிற்சி மையத்தின் பெயரில் வரும். முழுக்க ஆன்லைனிலேயே பி.எல்.எஸ். முடித்துத் தருகிறோம் என்றால் ஒதுங்கிவிடுங்கள். பாடத்தை ஆன்லைனில் படித்தாலும் கைப்பயிற்சித் தேர்வுக்கு நேரில் போயே ஆக வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கார்டே தேவையில்லை. பொதுமக்களுக்காக நம் நாட்டு மயக்க மருந்து மருத்துவர்கள் உருவாக்கிய, நெஞ்சு அழுத்தம் மட்டும் உள்ள முறை ஒன்று இருக்கிறது. அக்டோபர் 16 உலக இதய மீட்பு தினம், அதையொட்டி இலவச முகாம்கள் நடக்கும், விசாரியுங்கள்.

அன்று அந்த ஹாலில் என்னோடு வரிசையில் நின்றவர்களில் பலர் இன்று ஐ.சி.யூ.விலும் ஆம்புலன்சிலும் இருப்பீர்கள். சிலர் அதே கார்டைக் காட்டி வேலையிலும் சேர்ந்திருக்கலாம். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தயவுசெய்து இன்னொரு முறை, வேலை செய்கிற ஒரு பொம்மை மேல் கை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள்.